பெரியப்பா வேஷம்

ஆஸ்பத்திரி நாற்காலியைச் செய்தவனுக்கு முதுகே இருந்திருக்காது, ஐயா. பக்கத்தில் இருப்பவர்களிடம் ஏதாவது அளந்துகொண்டிருந்தால்தான் வலி தெரியாது. ஒருமுறை நான் செத்துவிட்டேன் என்று வெள்ளைத் துணி போர்த்திவிட்டார்கள், துணியை விலக்கி மின்விசிறியைப் போடச் சொன்னேன், டாக்டர் மயங்கி விழுந்தார், அவரை என் கட்டிலில் கிடத்திவிட்டு நான் வீட்டுக்கு நடந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று ஒரு டாக்டரம்மா சிரித்தார்.

அவர் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஆட்களை ஏமாற்றிக் கடத்திவந்து, பூட்டிவைத்து வேலை வாங்குகிறார்களே, அப்படிச் சிக்கியவர்கள் வைத்தியத்துக்கு வந்தால் கண்டுபிடிப்பது எப்படி என்ற பயிற்சி. நடித்துக் காட்ட ஆள் தேவைப்பட்டது. கூட்டிவரும் பெரியப்பா வேஷம் எனக்கு. கையில் மாவுக்கட்டோடு ஒரு மாணவி வருவாள். அவளைக் கேட்டால் நான் பதில் சொல்வேன். நர்ஸ் என்னை நம்பக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கதிர் படும், நீங்கள் வெளியே இருங்கள் என்று சொல்லி, அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்க வேண்டும்.

சில நாள் டாக்டரம்மா யாருக்கும் சொல்லாமல் எங்களை நோயாளிகள் கூட்டத்தில் உட்காரவைத்து நர்ஸுகளைச் சோதிப்பார். எப்போதும் என்னைப் பிடித்துவிடுபவள் ஒரு சுருட்டைமுடி நர்ஸ். ‘பெரியப்பா முழியே சரியில்லை’ என்று என் காதைத் திருகாத குறைதான். எல்லோரும் கைதட்டுவார்கள்.

என் பிழைப்பு வேறு. பெற்றவர்களிடம் நல்ல வேலை என்று சொல்லிப் பெண்களைக் கூட்டிவந்து, கேட்ட வீட்டில் ஒப்படைப்பது. வேஷம் பொருந்தியதில் அதிசயமில்லை.

கடைசியாக வந்த பெண் ஜன்னல் வழியாகக் குதித்துக் கையை முறித்துக்கொண்டாள். ஊரில் வேறு ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. யோசித்துத்தான் நான் வேஷம் போடும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். அவசரத்தில் இருந்த ஒரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார். வெளியே வரும்போது சுருட்டைமுடி எதிரில் வந்தாள். முதலில் கட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

“என்ன பெரியப்பா, இன்னிக்கு எனக்குத்தான் சோதனையா?”

“மெதுவா பேசும்மா. டாக்டரம்மா காதுல விழுந்துடப் போகுது” என்றேன்.

பயிற்சியில் சொன்னதில் அவள் ஒன்றையும் விடவில்லை. இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றாள். என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். முதுகு வலித்தது. அன்று பக்கத்தில் கதை கேட்க ஆளில்லை.

திரும்பி வந்தபோது நர்ஸின் கண் கலங்கியிருந்தது.

“எங்க பிடிச்சீங்க இந்தப் பொண்ண? ‘அக்கா, இவரு எனக்கு யாருமே இல்லக்கா, எங்க அம்மாகிட்ட விட்டுடுங்க’ன்னு என் கையை விடவே மாட்டேங்கறா. நடிப்புன்னு தெரிஞ்சும் எனக்கு மனசு கேக்கல, பெரியப்பா.”

“நல்லா சொல்லிக்குடுத்திருக்கேன்ல” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். பிறகு பெண்ணின் தலையைத் தடவி, கட்டுப் போடாத கையை எடுத்து என் கையில் வைத்தாள். பெண் அவளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஜன்னலைச் சாத்தவே இல்லை, ஐயா. அவள் அதன் பக்கம் போகவில்லை. ஒப்படைத்த வீட்டில் அவளிடம் பெயர் கேட்டார்கள். நான்தான் சொன்னேன்.

நர்ஸ் சும்மா இருந்திருந்தால் உங்கள் ஸ்டேஷனுக்கு இந்த வேலை வந்திருக்காது. அந்தப் பெண் பிரமாதமாக நடித்தாள் என்று டாக்டரம்மாவிடம் போய்ப் புகழ்ந்திருக்கிறாள். எந்தப் பெண் என்று அவர் கேட்டிருக்கிறார். நீங்கள் போனபோது அந்த வீடு காலியாகக் கிடந்தது என்கிறீர்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒப்படைத்த பிறகு விசாரிக்கிற பழக்கம் எனக்கில்லை.

வெளியே அழுவது சுருட்டைமுடிதானே? குரல் தெரிகிறது. அவளை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள், அந்தப் பெண்ணும் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். என்னைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒன்றைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று நான் அந்தப் பெண்ணைப் பிடித்து இழுக்கவில்லை. அவர்களாகத்தான் கொடுத்தார்கள்.