சீவாளிக்கு நின்ற பேருந்து

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் மடியில் உறை போட்ட நாகஸ்வரம், மற்றவர் காலடியில் தவில்.

“வாய்க்குள்ள லைட் அடிச்சே கொன்னுட்டாங்க மாமா!” என்றார் நாகஸ்வரக்காரர்.

“யார?”

“ஈறுல இருந்த கிருமிய! மொதல்ல நல்லா சுத்தம் பண்ணாங்க. அப்புறம் ஒரு நீலச் சாயம் விட்டாங்க. அது கிருமி மேல போய் ஒட்டிக்குமாம். அதுமேல செவப்பு லைட் பட்டா கிருமி காலி!”

“வலிக்கலயா?”

“எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. ஆனா வெத்தல, பொகையில தொட்டா எத்தன லைட் அடிச்சாலும் வேஸ்ட்டுன்னாரு டாக்டர். வுட்டுட்டேன்.”

தவில்காரர் குரலைத் தாழ்த்தினார். “முன்பல்லு ஆடிக்கினு இருந்துச்சே?”

“ஈறு கெட்டியாயிடுச்சாம். இனிமே ஊதலாம்னு இன்னிக்குத்தான் சொன்னாரு.”

“ஊதிப் பாத்தியா?”

“பயமா கீது மாமா.”

“நாளைக்கு முகூர்த்தத்துல வந்து பயப்படுவியா? இப்பவே ஊது!”

அவர் நாகஸ்வரத்தின் ஊதுவாயில் செருகும் சீவாளியை மட்டும் எடுத்து, எச்சிலில் நனைத்து, உதட்டில் பொருத்தி ஊதினார். பேருந்து முழுக்கக் கேட்கும்படி நீளமாக ஒரு கீச்சொலி. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார்.

“எவன்யா விசில் அடிச்சது?” என்று பின்னாலிருந்து கத்தினார் நடத்துநர்.

நாகஸ்வரக்காரர் காதில் அது விழவில்லை. முன்பல்லை விரலால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆடல மாமா! ஆடவே இல்ல!”

தவில்காரர் எழுந்து நின்று ஓட்டுநரைப் பார்த்துக் கூவினார்: “போலாம் ரைட்!”