இரவல் சாமான்கள்

பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் ஒரே ஆள் சுலபமாகத் தூக்கிவிடலாம். ஃபிரிட்ஜுக்குத்தான் இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவளே பிடித்தாள். எங்கள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு. நடுவில் ஒரு சுவர்தான்.

டாக்ஸி டிரைவரைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

தெருவில் எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் ‘ஒண்ணு’, நான் ‘ரெண்டு’. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி முடியும்வரை ஒரு பரீட்சையில்கூட அந்த வரிசை மாறவில்லை. “ரெண்டு, பால் பாக்கெட்ட ஒண்ணுகிட்ட குடுத்தனுப்பிட்டேன், வாங்கிக்கப்பா” என்பார் கடைக்காரர். கேலி எதுவும் இல்லை. கேலியாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இரண்டு வீட்டிலும் அப்பா கிடையாது. என் அப்பா இறந்துவிட்டார், அவள் அப்பா போய்விட்டார். என் அம்மா ஒரு கிளினிக்கில் தரை துடைத்தார். அவள் அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்தார். பல்கலைக்கழகம் என்பது எங்களுக்கு பஸ் ஜன்னலில் வந்து போகும் ஒரு நீளமான மதில். அதற்குள் நுழைய ஒரே ஒரு வழி இருந்தது. ஓர் அறக்கட்டளை வருஷத்துக்கு ஒருவரை எங்கள் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். கட்டணம், விடுதி, புத்தகம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதல் இரண்டு மதிப்பெண்காரர்களின் வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டு, அதில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

முந்தைய வருஷம் கிடைத்தவனிடம் விசாரித்தேன். “மார்க்கையெல்லாம் அங்க யாரும் பாக்க மாட்டாங்கடா. வீட்டத்தான் பாப்பாங்க. ஃபேன், நாற்காலி, பீரோன்னு ஒவ்வொண்ணா எழுதிக்குவாங்க. உன் வீட்ல ஃபிரிட்ஜ் வேற இருக்கா? போச்சு போ” என்றான்.

ஃபிரிட்ஜும் நாற்காலிகளும் கிளினிக் டாக்டர் வீடு மாறியபோது அம்மாவுக்குக் கொடுத்தவை. அவள் வீட்டில் தையல் மெஷினும் அதன் ஸ்டூலும் மட்டும்தான். அவன் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் அம்மாதான் முதலில் ஆரம்பித்தார்.

“பெரிய மனுஷங்க வராங்க. உக்கார வைக்க ஒரு நாற்காலி இல்லையேப்பா.”

“எங்க வீட்ல இருக்கே அத்தை. எடுத்துட்டு வரேன். வெயில்ல வருவாங்க, ஜில்லுனு தண்ணி குடுக்கணும். ஃபிரிட்ஜையும் கொண்டாந்து வெச்சிடலாம்.”

“உனக்கு எம்புட்டு மனசுடா” என்று என் கன்னத்தைத் தொட்டார்.

டேபிள் ஃபேனையும் கொடுத்தேன். இரவல் என்று அத்தை வாய் திறக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். கணவன் வெளியூரில் வேலை பார்ப்பதாக ஏழு வருஷம் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். வந்த அதிகாரி “இதெல்லாம் உங்களுதாம்மா?” என்று கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. “ஆமாங்க. ஏதோ கஷ்டப்பட்டு வாங்கினது” என்றார் அத்தை. அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். அம்மாவை ஒரு வெளியாள் முன்னால் பொய்யாக்க அவளுக்கு வாய் வரவில்லை.

என் அம்மா அவசரமாக வேலையிலிருந்து வந்து வெறும் அறையைப் பார்த்தார். “சாமானெல்லாம் எங்கடா?” “பக்கத்து வீட்ல.” பிறகு ஜன்னல் திரையைக் கழற்றி, மடித்து, பெட்டிக்கு அடியில் செருகினார். நாங்கள் அதைப் பற்றி அப்போதும் பேசவில்லை, அம்மா சாகும்வரையிலும் பேசவில்லை. அதிகாரி தரையில் உட்கார்ந்துதான் எங்கள் படிவத்தை நிரப்பினார்.

எனக்குக் கிடைத்தது. அவள் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதற்குள் பிளீச்சும் நீராவியும். இரண்டு வருஷத்தில் வீசிங் வந்தது. விடுமுறைக்கு வரும்போது என் பாடக் கணக்குகளைக் கொண்டு வருவேன். ஷிஃப்ட் முடிந்து வந்து, வெந்து உரிந்த விரல் நுனிகளோடு உட்கார்ந்து போட்டுக் கொடுப்பாள். நான் பிரதி எடுத்துப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடுவேன். என் பட்டச் சான்றிதழில் இருக்கும் ‘முதல் வகுப்பு’ அப்படி வந்தது. அதனால் எங்கள் இருவருக்கும் சந்தோஷம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்ததும் நானே போய்ப் பெண் கேட்டேன். அத்தை அழுதார். “ரெண்டோட மனசு ஒண்ணுக்குக்கூட வராது” என்று கடைக்காரர் பாராட்டினார். மூன்று வருஷம் நல்லபடியாகத்தான் இருந்தோம். அவள் சலவைக்கூடத்தை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அவள் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வேலை பார்ப்பவர்களுக்கான நுழைவுத்தேர்வை எனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாள். முதலிடம். அதே அறக்கட்டளை. நான்கு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறார்கள். விண்ணப்பதாரர் நேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

“இந்தத் தடவ வீட்டக் காலி பண்ணி வெச்சிடணும்” என்றாள்.

“ஏன்?”

“ஏன்னு உனக்குத் தெரியாதா? சொல்லிக் குடுத்த வாத்தியாரே நீதானே.”

எப்போது தெரியும் என்று கேட்டேன். “அன்னிக்கு சாயங்காலமே. நாற்காலியத் திருப்பிக் குடுக்க வந்தேன். உங்கம்மா ஜன்னல்ல திரைய மாட்டிட்டு இருந்தாங்க.”

“அப்புறம் எதுக்கு என்னக் கட்டிக்கிட்ட?”

“புத்தகமெல்லாம் உன் வீட்லதானே இருந்துச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விளையாட்டாகவும் இருக்கலாம். இரண்டு நாட்கள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் அவளுக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலரை உதறிப் பார்த்தாள், காலி. டாக்ஸிக்கு போன் செய்தது நான்தான். அதுவும் உங்கள் பதிவில் இருக்கும். இருபது நிமிடத்தில் வந்து ஹாரன் அடித்தான். கதவைச் சாத்திவிட்டு வெளியே போனேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு மணி நேரம் மருந்துப் புகை பிடிக்க வைத்து அனுப்பிவிடுவார்கள். எத்தனையோ முறை அப்படி நடந்திருக்கிறது. மறுநாள் பத்து மணிக்குத் தலை வாரி உட்கார்ந்திருப்பாள். வீட்டிலேயே இருந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நாள்.

“வேற வண்டியில ஏத்தி அனுப்பியாச்சுப்பா” என்றேன். வந்து போன வாடகையைக் கொடுத்தேன். டிரைவர் சொன்னது உண்மை. அவன் நல்ல மாதிரி, மீதிச் சில்லறையை வற்புறுத்தித் திருப்பிக் கொடுத்தான்.

உள்ளே வந்தேன். கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“வண்டி வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

முதுகைத் தடவிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டாள். வழியில் நெரிசலாம் என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் ஹாரன் சத்தத்தைக் கேட்டிருப்பாளா என்று அத்தை உங்களிடம் கேட்டாராம். கேட்டிருப்பாள். எங்கள் வீடு அவ்வளவு பெரியதில்லை.

நகம் நீலமானதும் எனக்கே பயமாகிவிட்டது. மறுபடி போன் செய்தேன். அப்போது மணி நாலேகால். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார். நானே எழுந்து போனேன். விண்ணப்பதாரர் இல்லை, பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றை மட்டும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன். அவள்தான் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை.