கடைசி மூன்று எழுத்து

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் டாக்டர், எதிரே ஸ்டூலில் என் தம்பி, சுவரை ஒட்டி நான். ஃபேன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

தம்பியும் நானும் ஒரே குளிர்கிடங்கில் வேலை பார்த்தோம். அவன் உள்ளே பெட்டி அடுக்குகிறவன். நான் வெளியே கதவுப் பொறுப்பு. உள்ளே போகிறவரின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் வெளியே கூப்பிட வேண்டும்.

"கண்ண மூடினா பெட்டிதான் டாக்டர்," என்றான் தம்பி. "நேத்து உள்ள போனேன், எதுக்கு வந்தேன்னே மறந்துபோச்சு. அப்படியே உக்காந்துட்டேன். குளிரே தெரியல. நல்லாக்கூட இருந்துச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவன் சொன்னதையெல்லாம் கேட்டார். நாற்பது நிமிடம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அண்ணனா? இவரத் தனியா உள்ள விட்டுடாதீங்க. அடுத்த தடவை உக்காந்தா எந்திரிக்க மாட்டாரு. லீவுக்கு எழுதித் தரேன். நீங்க இங்க முன்னாடி வந்ததில்லையே?"

வந்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு, அதே ஸ்டூல். அப்போது நானும் உள்வேலைதான், இரவு ஷிஃப்ட். கை நடுங்குகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றேன். "எல்லாருக்கும் இருக்கறதுதான், போய் வேலையப் பாருங்க" என்றார், தலை நிமிராமல். நாலு நிமிடம். நான் இரவு ஷிஃப்ட்டை விட்டேன். கதவருகே உட்கார வைத்தார்கள். கிடங்கு முழுக்க என் பெயர் தொட்டாச்சிணுங்கி. வைத்தவன் தம்பி. விளையாட்டாகத்தான் வைத்தான்.

எனக்குக் கோபமே வராது என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். டாக்டர் மேல் கோபம் இருந்தது. ஆனால் டாக்டர் என் பொறுப்பில் இல்லை. தம்பி இருந்தான்.

டாக்டரின் கடிதத்தை நானே கிடங்கில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். 'பணிக்குத் தகுதியில்லை.' ஒரே வரி. ஜெராக்ஸ் கடையில் கடைசி மூன்று எழுத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பிரதி எடுத்தேன்.

மேலாளர் படித்தார்: 'பணிக்குத் தகுதி.' "டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன நடிப்பு?" என்றார்.

தம்பிக்குத்தான் குழப்பம். "லீவுன்னுதானேண்ணே சொன்னாரு?"

"மேல பேசிட்டு இருக்கேன்டா. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

"நீ பாத்துப்ப, எனக்கென்ன," என்றான்.

உள்ளே அழைப்பு மணி உண்டு. என் மேசையில் மட்டும்தான் ஒலிக்கும். அன்று இரண்டு முறை ஒலித்தது, 11.40க்கும் 11.52க்கும். பதிவேட்டில் இருக்கும், பாருங்கள். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. மாலையில் திறந்தபோது அவன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். டாக்டர் சொன்னது சரிதான்.

நீங்கள் கேட்டது 11.20ஐப் பற்றி. குளிர்ச் சட்டையின் ஜிப் அவன் விரலுக்கு அகப்படவில்லை. நான்தான் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"என்ன தொட்டாச்சிணுங்கி அண்ணே, நான் உக்காந்துட்டா வந்து எழுப்புவல்ல?" சிரித்தான்.

"எழுப்பறேன், போ."

போனான். கதவைச் சாத்தினேன். உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டக் கூடாது என்பது விதி.

பூட்டினேன்.