மாமா உட்கார்ந்த மூலை

பாட்டுக் கேட்க முதலில் வேண்டியது நல்ல சோபா. உட்காருங்கள் சார். அந்த மூலையில் வேண்டாம், அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கே.கே. நகரில் டிவிடி வைத்திருப்பவர்கள் நிறைய. கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், கீழே ஒரு சப்-ஊஃபர். எல்லாம் அளந்து வைத்தும் ஒரே குறை: மிருதங்கம் வாசித்தால் அந்த மூலை அண்டாவை உருட்டியதுபோல் 'தொம்'மென்று முழங்கும். பஞ்சு மெத்தையைச் சாத்தினேன், அரிசி மூட்டையை அடுக்கினேன். எலி வந்தது, முழக்கம் போகவில்லை.

அப்போதுதான் உசிலம்பட்டியிலிருந்து என் மாமனார் மலையாண்டி கண்புரை ஆபரேஷனுக்கு வந்தார். ஆள் நெல் குதிர் மாதிரி. ஒரு கண் இளவட்டத்திலேயே காளைக் கொம்புக்குப் போய்விட்டது. மிச்சக் கண்ணில் ஆபரேஷன், பச்சைத் துணிக் கட்டு. கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அந்த மூலையில் உட்காரவைத்தேன். பாட்டைப் போட்டேன். முழக்கம் இல்லை. மிருதங்கத்தில் விரல் விரலாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு அவரை ஊருக்கு அனுப்ப எப்படி மனசு வரும்?

"கட்டு எப்ப மாப்ள அவுக்குறது?" என்பார்.

"டாக்டர் இன்னும் நாளாகும்னு சொல்றார் மாமா."

என் மனைவி நாகஜோதியிடமும் அதையே சொன்னேன். சொட்டு மருந்து விடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் ஆகாது என்று விளக்கை அணைத்துவிட்டுத்தான் விடுவேன். மருமகனுக்கு எம்புட்டுப் பாசம் என்று தெருவே பேசியது.

ஒருநாள், "செவலை கன்னு போடுற நேரம், நான் போறேன்" என்று அடம்பிடித்தார். செவலை அவர் பசு. வில்லாபுரத்தில் ஒரு மாட்டின் குரலைப் பதிவு செய்துவந்து, பின்பக்க இடது ஸ்பீக்கரில் போட்டேன். "செவலையைக் கொண்டாந்து கொல்லையில கட்டியாச்சு மாமா." அவர் முகம் சரியாக இடது பின்பக்கம் திரும்பியது. என் அமைப்பு அவ்வளவு துல்லியம் சார்.

மனுஷர் நிம்மதியாக இருந்தார். பாசம்தான் கெடுத்தது. போன வாரம் வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டு, சத்தம் வந்த திசையில் தடவித் தடவிப் போயிருக்கிறார். ஸ்பீக்கர் கையில் அகப்பட்டது. துணி போர்த்திய பெட்டியைத் தடவிப் பார்த்து அழுதுவிட்டார்.

"ஏலே மாப்ள, தீனியே வைக்கலையா? செவலை இம்புட்டா இளைச்சுப்போச்சு!"

பார்த்தே தீருவேன் என்று கட்டைப் பிய்த்தெறிந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லாத் தெரியுதே மாப்ள" என்றார். அவ்வளவுதான், ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். பிறகுதான் மச்சான் நல்லகாமன் உங்களிடம் புகார் கொடுத்தான்.

ஒப்புக்கொள்கிறேன். மறுநாளே அவிழ்க்கச் சொன்ன கட்டு. மூன்று மாதம் அவிழ்க்காமல் வைத்திருந்தவன் நான்தான். அதனால் அவருக்கு என்ன நஷ்டம்? கண் பத்திரமாக இருக்கிறது, நல்ல பாட்டாகக் கேட்டார். மூலை முழக்கம் திரும்பி வந்தது எனக்குத்தான்.

அதிருக்கட்டும், உங்களோடு வந்திருக்கும் ஏட்டய்யா வாட்டசாட்டமாக இருக்கிறார். புகாரை மூக்கில் ஒட்டிவைத்துப் படிக்கிறார், பாருங்கள். புரையாகத்தான் இருக்கும். எனக்கு நல்ல டாக்டரைத் தெரியும். கட்டுப் போட்டதும் இங்கேயே தங்கிக்கொள்ளட்டும் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்.