கால் வீக்கமும் அயர்லாந்து டிக்கெட்டும்

முதலில் அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள், சாரே. நாள் முழுக்க பூட்ஸுக்குள் கிடக்கிற கால் சாயங்காலம் வீங்கத்தான் செய்யும். கேட்காமல் புத்தி சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தியே தலை நரைத்தவள் நான். எங்கள் பாலா ஊர்ப் பக்கம் எந்த வீட்டை எடுத்தாலும் என்னிடம் படித்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதாவது, அந்த வீட்டில் இருக்காது. லண்டனிலோ குவைத்திலோ இருக்கும்.

என் மகன் சிபியும் என்னிடம் படித்தவன்தான். அயர்லாந்தில் நர்ஸ்.

என் கணவர் குருவிளாவுக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒருமுறை மருந்துக்கடையில் சரக்கு வராமல் அது தவறிப்போனது. கால் பொதபொதவென்று வீங்கியது. வீடியோவில் சிபிக்குக் காட்டினேன். வருஷக்கணக்காக லீவு கிடைக்காதவனுக்கு அந்த வாரமே கிடைத்தது. மகனும் வந்தான், மாத்திரையும் வந்தது, வீக்கமும் வடிந்தது. குருவிளா தானே அடுப்படியில் நின்று வாத்துக்கறி கிளறினார்.

பராமரிப்புத் திட்டம் போடுவதைப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்: குறை என்ன என்று பார், இலக்கு வை, செய், பலித்ததா என்று பார். மகன் இல்லாத வீடு, அதுதான் குறை. இலக்கை நான் சொல்லவேண்டியதில்லை. மற்றதெல்லாம் சின்ன வேலை. அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை கிடைக்கிறது. கூடவே கஞ்சிக்கு உப்புமாங்காய்.

"உப்பு ஆகாதுன்னு நீதானே சொன்னே, மறியக்குட்டி?"

"கொஞ்சம்னா ஒண்ணும் ஆகாது. சாப்பிடுங்க."

"நீ சொன்னா சரி. டீச்சரம்மா ஆச்சே."

சிபி லேசில் நம்புகிறவன் இல்லை. மருந்தைப் பற்றி நாம் சொன்னால் போதாது, நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும் என்று நான் நடத்திய பாடத்தை அவன் மறக்கவில்லை. போனிலேயே அப்பனுக்குப் பரீட்சை வைப்பான், அவனுடைய அம்மச்சி நான் பக்கத்தில் நின்று கேட்பேன்.

"அப்பச்சா, வெள்ளை மாத்திரை எதுக்கு?"

"நீர் பிரியறதுக்குடா. கால் வீங்கினா, மூச்சு வாங்கினா உடனே சொல்லணும். போதுமா? மார்க் போடு."

"நூத்துக்கு நூறு. தவறாம போடறீங்கல்ல?"

"உங்க அம்மச்சி விட்டாத்தானே தவற?"

அவர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். கையில் வைத்ததை விழுங்கினார். அத்தனை நன்றாகப் பாடம் படித்த நோயாளியை நான் பார்த்ததே இல்லை.

ஈஸ்டருக்குப் பலித்தது. சர்ச் பெருநாளுக்கும் பலித்தது. சிபி வந்து இறங்கிய அன்றே நிஜ மாத்திரைக்கு மாற்றிவிடுவேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. கிறிஸ்துமஸுக்குத்தான் அவன் மசியவில்லை. "டாக்டர்கிட்ட காட்டுங்க அம்மச்சி, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றான். அதனால் இன்னும் சில நாள் தள்ளினேன். குருவிளாவால் படுக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே தவித்தார்.

"பெண்ணே, மூச்சு வாங்கினா உடனே சொல்லணும்னு சொல்லிக்கொடுத்தியே. சொல்லிட்டேன்."

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். டிக்கெட் போட்டுவிட்டதாக அன்றைக்குத்தான் சிபி செய்தி அனுப்பியிருந்தான். வந்து பார்க்கும்போது வீக்கம் இருக்க வேண்டாமா?

அடக்கத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தான். மனைவி, பிள்ளைகள் எல்லோருடனும். வீடு நிறைந்திருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, மனசும் நிறைந்திருந்தது, மறைப்பானேன்.

நிஜ மாத்திரைகளை நான் எறியவில்லை. மருந்தை வீணாக்கினால் எனக்குப் பொறுக்காது. மாங்காய் ஊறுகிற பரணி ஜாடிக்குப் பின்னால் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அயர்லாந்துக்குக் கொண்டுபோக மாங்காய் எடுக்கப் போனவன் கையில் அது அகப்பட்டது. நல்ல மாணவன். பார்த்த உடனே புரிந்துகொண்டான்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவன்தானே? என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறான். பரவாயில்லை. முக்கிய சாட்சியாம், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டானாம். கேஸ் முடிகிறவரை ஊரில்தான் இருப்பானாம்.

மெதுவாகவே எழுதுங்கள், சாரே. எங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை.