ஞாயிற்றுக்கிழமை அப்பா

— அந்த ஏழாம் நம்பர் படகு வேணாம் குட்டி. அது இடது பக்கமாவே இழுக்கும். பக்கத்துல இருக்கிற மஞ்சள் படகுல ஏறு.

— இழுக்கும்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?

— அட, பாத்தாலே தெரியுதே. மெதுவா கால் வை. என் போன் உன்கிட்டயே இருக்கட்டும், பெடல் மிதிக்கும்போது என் பையிலேர்ந்து தண்ணியில விழுந்துடும்.

— ஞாயித்துக்கிழமை ஆனா இதே ஏரி, இதே படகு. போரடிக்குதுப்பா.

— அதெல்லாம் கிடக்கட்டும். இறங்கினதும் ராட்டினத்துக்குப் போவோம். அப்புறம் மீன் காட்சி.

— மீனெல்லாம் என்னைப் பாத்து, 'நீ மறுபடியும் வந்துட்டியா'ன்னு கேக்குது.

— சரி, பொம்மை ரயில்?

— நான் என்ன ஊர் சுத்திப் பாக்க வந்த டூரிஸ்டா? இதே ஊர்லதானே பொறந்தேன். என் கிளாஸ்ல ஒருத்தியோட அப்பாவும் தனியாத்தான் இருக்காரு. அவ சனிக்கிழமை போனா அவர் வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு டிவி பாப்பாளாம். நாம மட்டும் ஏன் டிக்கெட் வாங்குற இடமாவே போறோம்?

— என் வீடு ரொம்ப தூரம் குட்டி. போய்ட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்.

— போன வாரம் வெள்ளையடிக்கிறாங்கன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி சாவி தொலைஞ்சு போச்சு.

— கஷ்டம் வந்தா கூட்டமாத்தான் வருது, என்ன பண்ண?

— சும்மா காதுல பூ சுத்தாதீங்கப்பா. அம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்கதானே? இன்னிக்கு உங்க வீட்டை நான் பாத்துட்டு வரணும், இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அனுப்ப மாட்டேன்னு.

— சொன்னா.

— அம்மா மேல கோவமா?

— கோவம் என்ன கோவம். பொண்ணு எங்க போறா, எந்த மாதிரி இடத்துல இருக்கான்னு தாய்க்குத் தெரியணும்ல. அவ கேக்குறது நியாயம்தான். நீயும் மிதி. நான் மட்டும் மிதிச்சா கால்தான் வலிக்கும், படகு நகராது.

— அந்தக் கரைக்குப் போலாம்பா.

— அங்க வேணாம். ஒரே பாசி. சக்கரத்துல சுத்திக்கும்.

— தகரக் கொட்டகை ஒண்ணு தெரியுதே, அது என்ன?

— ரிப்பேர் படகைப் போட்டு வைக்கிற இடம். அங்க பாக்க ஒண்ணும் இல்ல. திருப்பு, திருப்பு.

— ஸ்டீயரிங் என் கையில இருக்கு.

— சொன்னா கேளு குட்டி.

— அந்த நாய் உங்களைப் பாத்து வாலை ஆட்டுது.

— நாய்க்கென்ன, யாரைப் பாத்தாலும் ஆட்டும்.

— என்னைப் பாத்துக் குலைச்சுதே. நீங்க திரும்பிப் பாத்ததும்தான் அடங்குச்சு. கொட்டகைக்குப் பின்னாடி கொடியில ஒரு சட்டை காயுது.

— வாட்ச்மேன் சட்டையா இருக்கும்.

— பச்சைக் கட்டம் போட்டது. உங்க பொறந்த நாளுக்கு நான் எடுத்துக் குடுத்தது. ரெண்டாவது பட்டன் மட்டும் வெள்ளை. அது நான் தைச்சது.

— மிதிக்காத. கொஞ்ச நேரம் படகு இப்படியே நிக்கட்டும்.

— நேத்துத் துவைச்சீங்களா?

— இன்னிக்கு உன்கூட வரும்போது போட்டுக்கலாம்னுதான் துவைச்சேன். வெயிலே இல்ல. காயல.

— எப்பலேர்ந்துப்பா இங்க இருக்கீங்க?

— அச்சாபீஸை மூடினாங்கல்ல, அப்பலேர்ந்து. வேலை போச்சு, வாடகை வீட்டையும் விட்டுட்டேன். இங்க படகு ரிப்பேர் பாக்குறேன். ராத்திரி காவலுக்கும் ஆள் ஆச்சுன்னு கொட்டகையிலயே படுத்துக்கச் சொல்லிட்டாங்க. கட்டில்கூடக் கிடையாது. கவுத்துப் போட்ட படகு மேல ஒரு பாய், அவ்வளவுதான்.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா அம்மா அனுப்புவாளா? எந்தத் தாய் அனுப்புவா? வாரத்துல இந்த ஒரு நாள்தான் நான் அப்பா. மத்த நாளெல்லாம் 'ஏய் ரிப்பேரு'ன்னு கூப்பிடுவாங்க, போய் நிப்பேன். இந்த ஒரு நாளும் போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு?

— லைஃப் ஜாக்கெட்ல மூக்கைத் துடைக்காதீங்கப்பா. அடுத்தவங்க போடணும்.

— சரி, சரி. கரைக்குத் திருப்பு. சாயங்காலம் உன்னை விடும்போது அம்மாகிட்ட நானே உள்ளதைச் சொல்லிடுறேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோத்துல மறைக்கிறது?

— சொல்லாதீங்க.

— வேற வழி இல்ல. வீடு எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு அவ துருவித் துருவிக் கேப்பா.

— கேட்டாங்க.

— எப்ப?

— நீங்க டிக்கெட் வாங்க வரிசையில நின்னப்ப உங்க போன்ல கூப்பிட்டாங்க. அந்தச் சட்டையை நான் போன வாரமே இதே கொடியில பாத்துட்டேன்பா. நீங்களாவே சொல்லுவீங்கன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். வீட்டைப் பாத்தாச்சு, மாடியில ரெண்டு ரூம், ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். சுவர் நீலம்பா, அவங்க கேட்டா மாத்திச் சொல்லிடாதீங்க.