தூலிக்கி அம்மையார் தம் பெயரை எழுதிய இடம்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத் தலைவி சைனி அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவர் அர்வோ அவர்களே, துர்க்கு நகரத்துப் பனிச்சேற்றை மிதித்து வந்திருக்கும் தோழர்களே!

கணினியின் மையநிரலான கெர்னலில், கருவிகள் எழுத்தெழுத்தாகச் செய்தி அனுப்பும் சீரியல் போர்ட்டை இயக்கும் டிரைவர் நிரலை இருபத்திரண்டு ஆண்டுகள் கட்டிக் காத்த தூலிக்கி ஹார்யு அம்மையார் இன்று இல்லை. அழத்தான் வந்தேன். பேச எழுந்தால் நெஞ்சு நிமிர்கிறது, என்ன செய்ய!

ஐந்தாண்டுகளுக்கு முன், தீவுகளில் காற்றை அளக்கும் கருவிகள் அந்த டிரைவர் வழியே அனுப்பும் எண்களில் ஓர் இலக்கம் அவ்வப்போது தொலைந்தது. இருபத்தேழு என்று வர வேண்டியது ஏழு என்று வந்தது. அதை நம்பிப் படகு கிளம்பினால் என்ன ஆகும்? கடைசியாக அந்த டிரைவரை வேகப்படுத்துகிறேன் என்று கை வைத்தவன் யார்? உங்கள் முன் நிற்கும் இந்த இல்மோதான்! "அவன முதல்ல வெளிய அனுப்புங்க" என்று எங்கள் மின்மடல் குழுவில் ஊரறிய எழுதினார்கள்.

பிழையைத் தேட, டிரைவருக்குள் நடப்பதை அடிக்கொரு தரம் செய்தியாக அச்சிடும் நிரல் வரிகளைப் போட்டேன். பிழை மாயமானது! குதித்துக்கொண்டு அம்மையாரிடம் ஓடினேன்.

"ஏம்ப்பா இல்மோ, நீ அச்சடிக்கிறது எந்த வழியா வெளிய வருது?"

"அதே போர்ட் வழியாத்தான்."

"திருடன் கையிலயே சாவியக் குடுத்துட்டு, திருட்டு நின்னுபோச்சுன்னு ஆடுறியே! உன் வரிங்களால எல்லாம் மெதுவாயிடுச்சு, பிழை ஒளிஞ்சுக்கிச்சு. எடு அத்தனையும்!"

பிறகு மூன்று வாரம். கருவியின் மின்சுற்றுப் பலகையில் சும்மா கிடந்த ஒரு முனையில் கம்பியைப் பற்றவைத்து, மின்துடிப்பை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் திரையைப் பார்த்தபடியே இருந்தார். கண்டுபிடித்தார்! எழுத்து வந்தால் போர்ட் மணியடிக்கும். டிரைவர் எழுத்தை எடுத்துவிட்டு மணியை நிறுத்தியது. எடுத்ததற்கும் நிறுத்தியதற்கும் இடைப்பட்ட நொடியில் வந்த அடுத்த எழுத்தின் மணியும் சேர்ந்தே அடங்கியது. மணியை முதலில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வரிகள் இடம் மாறின.

அந்த வரிகளை எழுதியது யார்? நானல்ல. அதற்கும் பதினொரு ஆண்டுகளுக்கு முன் அம்மையாரே! என் வேகம் பழைய ஓட்டையை வெளிக்காட்டியது, அவ்வளவே.

திருத்தம் அனுப்பினால், பிழை யார் செய்த எந்த மாற்றத்தில் புகுந்தது என்று எழுதுவது நம் வழக்கம். "பழைய கதைம்மா, அந்த வரிய விட்டுடுங்க" என்றார்கள் பெரியவர்கள். அம்மையார் விட்டாரா?

"அடுத்தவன் பேர எழுதுறப்ப இனிச்சுது, என் பேருன்னா கசக்குதா?"

எழுதினார். கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்: "இல்மோ மீது குற்றமில்லை. அவரைத் திட்டியவர்கள் என்னைத் திட்டலாம்." ஒருவரும் திட்டவில்லை. என் வேலை நிலைத்தது, தோழர்களே, அந்த ஒரு வரியால்!

இன்று அந்த டிரைவர் என் பொறுப்பில். அம்மையாரே, வாய்ப்பேச்சாக உறுதி சொல்ல வரவில்லை. நேற்று மாலை ஒரு திருத்தம் அனுப்பினேன். பிழை புகுந்த இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.